ஆடுகிற கம்பு

என் மேல்வரிசை முன்பல் ஒன்றில் பாதி இல்லை. உடைத்தவன் என் மச்சான். என் கல்யாணத்தின் மூன்றாம் நாள் உடைத்தான். அதற்கு நான் பதில் செய்ய ஒன்பது வருடம் ஆயிற்று. அந்தப் பதிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம், பிறகு ஏமாந்து போவீர்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் தாய்மாமன் மகன். ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் காட்டோரத்தில் அவர்கள் நிலம். என்னைவிட எட்டு மாதம் மூத்தவன், பேச்சு வாய்யா போய்யாதான், ங்க கிடையாது. மாமன் மகனும் அத்தை மகனும் எங்கள் பக்கம் கேலி முறை. அவன் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நானும் அவனைச் சொல்லலாம். ஒரே ஒரு சட்டம்தான், கோபித்துக்கொள்ளக் கூடாது. முகம் சுண்டியவன் தோற்றவன். அதற்கப்புறம் ஊரே சேர்ந்து அவனைக் கேலி செய்யும்.

கல்யாணத்தின் மூன்றாம் நாள் மாப்பிள்ளை ஏர் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெறும் விளையாட்டு. களத்தில் கொஞ்சம் மணல் கொட்டி, கையளவு மர ஏரை வைத்து இரண்டு கோடு கிழித்தால் போதும். மணப்பெண் கஞ்சிக் கலயம் கொண்டுவருவாள், எல்லோரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். என் மச்சான் மர ஏரை ஒளித்து வைத்துவிட்டு நிஜ ஏரைக் கொண்டுவந்தான். நுகத்தில் இரண்டு பழக்காத காளைகள்.

"மாப்ள காயிதத்துல நல்லா ஓட்டுவாரு. நெலத்துல ஓட்டறாரான்னு பாக்கலாம் வாங்க" என்று ஊரைக் கூட்டினான்.

நான் ஓசூரில் பள்ளிக்கூடம் படித்து இங்கிலீஷ் எழுதக் கற்றவன். ஏர் பிடித்ததே இல்லை. காளைகள் கிளம்பிய வேகத்தில் பட்டு வேட்டியோடு களம் முழுக்க இழுபட்டேன். கடைசியில் ஏரின் பிடி, மேழி, வந்து வாயில் அடித்தது. புதுப்பெண்டாட்டி கலயத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் உள்ளே எரிந்தது. ஒன்பது வருடம் தினமும் நாக்கு அந்த உடைந்த பல்லைத் தடவிக்கொண்டே இருந்தது.

பிறகு எனக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு துரையின் பழத்தோட்டத்தில் ரைட்டர் வேலை கிடைத்தது. இன்றைக்கு அங்கே ஆலைச் சங்கு ஊதினால் ஆயிரம் பேர் சைக்கிளில் வருகிறார்கள். ஐம்பதுகளில் ராகிக் கொல்லையும் பொட்டலும்தான். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகும் போகாமல் இருந்த ஒருவர் என் துரை. கொய்யாவும் திராட்சையும் பேருக்கு. அவருடைய உயிர் நீலகிரியில் இருந்தது. அங்கே ஒரு பங்களாவும், ட்ரவுட் மீன் ஓடுகிற ஓர் ஓடையும் அவர் பொறுப்பில் இருந்தன. புழு கோத்துப் பிடிக்கிற மீன் இல்லை அது. கோழி இறகை முள்ளில் சுற்றி ஈ மாதிரி செய்து, சாட்டை வீசுகிற மாதிரி நூலை வீசி, அந்த ஈயைத் தண்ணீர்மேல் உட்கார வைத்துப் பிடிக்க வேண்டும். அவருடைய கடிதங்களை நான்தான் டைப் அடிப்பேன். மீன் பத்திரிகைகள் கப்பலில் வரும். அவர் படித்துப் போட்டதை எல்லாம் நான் படிப்பேன். ஒரு மீனைக்கூட நான் பிடித்ததில்லை, ஆனால் எந்த ஓடைக்கு எந்தத் தூண்டில் கம்பு என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

ஒரு வருடம் ஓடையைக் காவல் காத்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். மீன் தெரிந்த, குடியாத ஆள் ஒருவன் வேண்டும் என்றார் துரை. தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, ஒரு பசு, நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம். நான் வீட்டில் வந்து இதைச் சொன்னதும் என் மனைவி, "எங்கண்ணன விட மீன் தெரிஞ்சவன் யாரு?" என்றாள். அது உண்மை. ஏரியில் அவன் கம்பு போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

அவனுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவன் ராகியை யானைதான் அறுவடை செய்தது. விதைக்கிறது அவன், கதிர் முற்றியதும் காட்டிலிருந்து இறங்கி வந்து தின்கிறது அது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். வேலையைப் பற்றிச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அங்க யானை வருமா மாப்ள?" என்பதுதான்.

"உன்னைப் பாத்தா வந்த யானையும் ஓடிடும்" என்றேன்.

அவன் சிரித்தான். அன்றே போய்ப் பெண்டாட்டியிடம் மலைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டான். அவள் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மச்சான் ஒரு வாரம் தோட்டத்தில் தங்கி இறகு ஈ வீசப் பழகினான். துரை அவனிடம் தன் பழைய மூங்கில் கம்பைக் கொடுத்தார். மூன்றாம் நாளே சிமெண்டுத் தொட்டியில் மிதந்த ஒரு மாவிலைமேல் இறகு ஈயைச் சத்தமில்லாமல் உட்கார வைத்தான். துரை கைதட்டினார். நான் தட்டவில்லை. அந்த வாரக் கடைசியில் காரின் கதவில் மாட்டி அந்த மூங்கில் கம்பு ஒடிந்தது. துரை அதையே ஒரு பரீட்சையாக மாற்றிவிட்டார். பெங்களூர்க் கடையில் இப்போது கண்ணாடி நாரில் செய்த புதுக் கம்புகள் வந்திருக்கின்றன, இவனே போய் எனக்கு ஒன்று தேர்ந்தெடுக்கட்டும், ஓடை எப்படி இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன், அதைக் கேட்டுச் சரியான கம்பை எடுத்து வந்தால் வேலை அவனுக்கு என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் மச்சானுக்குத் தமிழில் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் கலக்கவில்லை. ஓடை அகலம் இல்லாதது. கரையில் இடுப்பளவு புல். தண்ணீர் பளிங்கு, அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். மீன் பெரிதில்லை, ஆனால் நிழல் ஆடினால் ஒளிந்துகொள்ளும்.

மச்சான் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டான். "புல்லுக்கு இந்தாண்ட நின்னுதானே வீசணும்? நூல் தொப்புனு விழுந்தா மீனு ஓடிடும்ல? நூலு மெல்லிசாத்தானே இருக்கும்?"

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் துரை, இவனுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்றார். இதை மச்சானுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவனுக்கு அது புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சண்டைக் காலத்தில் பெங்களூர் பட்டாள முகாமுக்கு மூன்று வருடம் புல் கட்டு போட்டவன் அவன். இங்கிலீஷ் பேச வராது, காதில் விழுவது கொஞ்சம் புரியும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

மறுநாள் பஸ்ஸில் பெங்களூர் போனோம். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு கடை. கன்னடம் பேசுகிற வயதான கடைக்காரர் இரண்டு கம்புகளை மேஜைமேல் வைத்தார். இரண்டும் தேன் நிறம். ஒன்று ஏழடி, தடிப்பு, கனத்த நூலுக்கானது. இன்னொன்று ஒன்பதடிக்குக் கொஞ்சம் குறைவு, மெலிசு, லேசான நூலுக்கானது. எது எதற்கு என்று கைப்பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் படித்தேன். எது சரி என்று பார்த்த கணமே தெரிந்தது. நீளமும் வேண்டும், லேசாகவும் வேண்டும். புல்லுக்கு மேலே எட்டும், நூலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிக்கும், மெல்லிய நூலை அறுக்காது.

"கண்ணாடிங்கறாங்களே, கீழ போட்டா ஒடைஞ்சிடுமா?" என்று கேட்டுக் கடைக்காரரைச் சிரிக்க வைத்தான் மச்சான். பிறகு குட்டையைக் கையில் எடுத்தான், ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தான். நீளத்தை எடுத்தான். எங்கள் ஏரிக்கரையில் கம்பு பார்க்கிற விதம் ஒன்று உண்டு. கம்பைத் தரைமட்டமாக நீட்டிப் பிடித்து, பிடித்த கையின் மணிக்கட்டை மற்றக் கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். நுனி துள்ளிவிட்டு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். சட்டென்று அடங்கினால் நல்ல கம்பு, விரால் மாட்டினாலும் தூக்கி எறியலாம். ஆடிக்கொண்டே இருந்தால் சோளத்தட்டை என்று சிரிப்பார்கள். ஆடுகிற கம்பு கிழவன் கம்பு. அவன் நீளக் கம்பைத் தட்டினான். நுனி ஆடியது, ஆடியது, நெடுநேரம் ஆடியது. அவன் அதை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"இதான் மாப்ள" என்றான். "இதுக்கு உசுரு இருக்குது. அந்தக் குட்டைக்கு இல்ல."

கடைக்காரர், "சென்னாகிதே" என்றார், நன்றாக இருக்கிறது என்று.

பிறந்ததிலிருந்து எந்தக் கம்பைப் பார்த்து அவன் ஊரே சிரித்ததோ அந்தக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து தெரியாமல், ஓடையைப் பார்க்காமல், சரியாகச் சொல்லிவிட்டான். இத்தனை வருடம் பத்திரிகை படித்து நான் தெரிந்துகொண்டதை அவன் கை ஒரு நிமிடத்தில் சொன்னது. எனக்குப் பொறாமை வந்தது. பொறாமை என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு அதைக் கேலி என்றே நினைத்துக்கொண்டேன்.

"என்னய்யா மச்சான், சோளத்தட்டைய எடுத்துக்கிட்ட? பல்லு போன கெழவன் கோலு மாதிரி ஆடுது. நம்ம ஏரிக்கரையில காட்டிப் பாரு, சிரிச்சே செத்துடுவாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். மீனு சிரிக்காது" என்றான்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் அது முறைக் கேலி. அவன் பதில் சொல்லிவிட்டான், ஆட்டம் அவன் பக்கம். நான் நிறுத்தவில்லை. சிரிப்பை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அவன் தோளைத் தொட்டேன்.

"வெளையாட்டு இல்ல மச்சான், கேளு. பழைய கம்பு ஏன் ஒடிஞ்சுது? மெல்லிசா நீளமா இருந்ததாலதானே? அதே மாதிரி வேணும்னா தொரை ஏன் புதுசு கேக்கறாரு? நான் அவர் புஸ்தகமெல்லாம் படிக்கறவன். இந்தக் கம்புல எழுதியிருக்குது பாரு, ஓடைக்கு இதுதான்னு." சொல்லிக்கொண்டே குட்டைக் கம்பின் எழுத்துமேல் விரலை வைத்தேன். கனத்த நூலுக்கு என்றுதான் அங்கே எழுதியிருந்தது.

அவன் என் முகத்தையே பார்த்தான். கேலி முறையில் நாங்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவோ செய்திருக்கிறோம். வெளையாட்டு இல்ல என்று சொல்லிவிட்டுப் பொய் சொன்னது கிடையாது. அவனும் காளையைப் பூட்டியபோது வெளையாட்டு என்று ஊரைக் கூட்டிச் சொல்லித்தான் பூட்டினான்.

"குழந்தைங்க விசயம் மாப்ள. சரியாப் பாத்துச் சொல்லு" என்றான்.

"பாத்துத்தான் சொல்றேன்."

நீளக் கம்பை மேஜைமேல் மெதுவாக வைத்தான். குட்டையைக் கட்டச் சொன்னான். பஸ்ஸில் அதை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வந்தான்.  அத்திப்பள்ளி தாண்டியதும், படிச்சவன் கூட இருந்தா எவ்ளோ நல்லது பாரு என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துரை உறையை அவிழ்த்ததும் முகம் மாறியது. அதற்கேற்ற கனத்த நூலை ஏற்றி மச்சான் கையில் கொடுத்தார். தொட்டியில் அதே மாதிரி ஒரு மாவிலை. மச்சான் வீசினான். முரட்டுக் கம்பு நூலை வளைக்காமல் தள்ளியது. நூல் தண்ணீர்மேல் கிணற்றுக் கயிறு விழுகிற மாதிரி விழுந்தது, இலை அமிழ்ந்து எழுந்தது. மறுபடி வீசினான். மறுபடி அதே. ஐந்தாறு தடவை பார்த்துவிட்டுத் துரை சொன்னார், எருமை குளிப்பாட்டுகிறவனுக்கு ஏற்ற கம்பு இது என்று. நான் அதை வார்த்தை குறையாமல் மொழிபெயர்த்தேன்.

பிறகு துரை என் பக்கம் திரும்பி, கடையில் வேறு கம்பே இல்லையா என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அப்போதும் வழி இருந்தது. நான்தான் குழப்பினேன் சார் என்று ஒரு வரி. துரை திட்டியிருப்பார், அவ்வளவுதான். மச்சான் மலைக்குப் போயிருப்பான். மூன்றடி தள்ளி, ஈரமான நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றவனைப் பார்த்தேன். நாக்கு பல்லைத் தடவியது.

"தேர் வாஸ் எ லாங் ஒன் சார். ஐ டோல்ட் ஹிம். ஹி டிட் நாட் லிசன்" என்றேன்.

துரை என் தோளில் தட்டினார். உனக்காவது தெரிந்திருக்கிறதே என்றார். மச்சான் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டான். அவன் முகம் சுண்டும், கேலி முறைப்படி நான் ஜெயித்துவிடுவேன் என்று காத்திருந்தேன். சுண்டவில்லை. மீதி நூலையும் சுத்தமாகச் சுற்றி, கம்பை உறையில் போட்டு, முடிச்சுப் போட்டுத் துரையின் மேஜைமேல் வைத்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

பஸ் ஏற்றிவிட ஓசூர் பஸ் நிலையம்வரை கூடவே போனேன்.  படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி, "அப்ப நான் வரேனுங்க" என்றான்.

"என்னய்யா, புதுசா ங்க போடற?" என்றேன்.

"படிச்சவங்களுக்கு மரியாதை குடுக்க வேணாமுங்களா?" என்றான். அதில் கேலி இல்லை. எனக்குக் கேலியைத் தெரியும், அந்தக் குரலை நாற்பது மைல் தள்ளியிருந்தாலும் கண்டுபிடிப்பேன். மாப்ள என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் துரை என்னையே பெங்களூருக்கு அனுப்பிக் குட்டையைக் கொடுத்துவிட்டு நீளத்தை வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தேன். பிரமாதமான கம்பு என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார். காவல் வேலைக்கு மேட்டுப்பாளையத்து ஆள் ஒருவன் போனான்.

மச்சான் அந்த வருடமும் ராகிதான் விதைத்தான். கதிர் முற்றுகிற சமயம் மரத்தில் பரண் கட்டிக் காவலிருந்தான். யானை பரணை ஒன்றும் செய்யவில்லை, முதுகு அரித்திருக்கும் போல, மரத்தில் சாய்ந்து தேய்த்திருக்கிறது. அதற்கே பரண் சரிந்தது. இடுப்பு உடைந்து, ராகித் தட்டைமேல் விடியும்வரை கிடந்தான். மாட்டு வண்டியில் ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நடை போயிற்று. அவன் பெண்டாட்டி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். அவனை என் மனைவி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கட்டில் போட்டாள். அண்ணனாயிற்றே.

பன்னிரண்டு வருடம் அந்தக் கட்டிலில் இருந்தான். நான் வேலையிலிருந்து வந்ததும், "வந்துட்டீங்களா" என்பான். நான் சாப்பிட்டேனா என்று கேட்பான், என் உடம்பை விசாரிப்பான். எல்லாம் ங்க. நான் அவனைக் கேலி செய்து பார்த்தேன். அவன் மெலிந்த காலைக் கேலி செய்தேன், அவன் பெண்டாட்டி ஓடியதைச் சொல்லிச் சிரித்தேன், அவன் மலம் கழித்த பீங்கான் சட்டியை எடுத்து வைக்கிறபோது சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்வான், பல்லு போனவனே என்பான், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். "சரிங்க" என்பான். அவ்வளவுதான். என் மனைவிக்குப் பெருமை. வயசானதும் எங்கண்ணனுக்கு எவ்வளவு பணிவு வந்துடுச்சு பாருங்க என்பாள். அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் இன்றுவரை சொல்லவில்லை.

துரை கடைசியில் கப்பலேறினார். போகும்போது அந்த நீளக் கம்பை எனக்குக் கொடுத்தார், நீ தேர்ந்தெடுத்தது, நீயே வைத்துக்கொள் என்று. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ பின்னால் ஒளித்து வைத்தேன். ஒரு வருடம் அங்கேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன தோன்றியதோ, எடுத்து வந்து இரண்டு துண்டையும் பூட்டிப் படுத்திருந்தவன் கையில் கொடுத்தேன்.

"இந்தா மச்சான். உனக்குத்தான். வெச்சுக்க."

அவன் கம்பைத் தரைமட்டமாக நீட்டினான். இடது கையால் மணிக்கட்டை ஒரு தட்டு தட்டினான். நுனி கூடத்தின் அந்தக் கோடிவரை ஆடியது. அடங்கும்வரை பார்த்துக்கொண்டே கிடந்தான். அவன் உதடு பிரிந்தது. சோளத்தட்டை என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். கடவுளே, சொல்லிவிடட்டும் என்று நினைத்தேன்.

அவன் கம்பை இரண்டாகக் கழற்றினான். உறையில் போட்டுக் கயிற்றை முடிச்சுப் போட்டான். பிறகு இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"எனக்கெதுக்குங்க?" என்றான். "நீங்க பாத்து எடுத்ததாச்சே."

"அவரே குடுக்கறாரு, வாங்கிக்கயேன் அண்ணா" என்று சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். அவன் கை நீட்டியபடியே இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.